பன்னீர் பொம்மைக்கு யாரும் பயப்படவில்லை

திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பூந்தமல்லி முழுக்க மெட்ரோ வேலைத் தூசி. இன்றைய வேலை: அத்தாவின் குடோனில் யானைச் சத்தம் பதிவு.

நிஜ யானை இல்லை. கல்யாண மண்டப வாசலில் நின்று, துதிக்கையைத் தூக்கிப் பன்னீர் தெளிக்கும் மோட்டார் யானை. அதற்கு ஜோடியாகப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பொம்மை. அதுவும் மோட்டார்தான், குனிந்து குனிந்து கும்பிடும். ஷாமியானா, நாற்காலி, அண்டாவோடு அத்தா இவற்றையும் வாடகைக்கு விடுகிறார். நானும் தினேஷும் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமில் இவைதான் பேய்கள். பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபம். ராத்திரிக் காவலுக்கு ஓர் ஆள். விடியும்வரை பொம்மைகளிடம் மாட்டாமல் இருக்க வேண்டும். பெயர் 'கடைசிப் பந்தி'. எழுதி எழுதிக் கை ஓய்ந்து இப்போதெல்லாம் க.ப. தினேஷ் கோடிங் எழுதுகிறான். படம், சத்தம், கதை நான்.

மோட்டார் மேல் மைக்கைக் கட்டி சுவிட்ச் போட்டேன். கர்ர்ர், டக். கர்ர்ர், டக். அருமையான சத்தம். முதுகு சில்லிட்டது. பார்த்தால் தொட்டியில் மிச்சம் இருந்த பன்னீர். மைக், ஹெட்போன், நான் எல்லாம் ஒரே ரோஜா வாசனை.

அத்தா எட்டிப் பார்த்தார், பெற்ற மகளை அல்ல, யானையை. "இன்னாமா பண்ணிகினு கீற? ஞாயித்துக்கெழம குமணன்சாவடி கல்யாணத்துக்கு இது போவணும். ஒடச்சி கிடச்சி வெச்சிடாத."

"ஒடைக்கல அத்தா. பேயாக்கறேன்."

"அத பண்ணிக்கோ. மோட்டார மட்டும் தொடாத."

அம்மாவோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கேம் கம்பெனி மேடம் வந்து க.ப. விளையாடிப் பார்க்கிறார். பிடித்தால் அவர்களே எடுத்து வெளியிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த திங்கள் முதல் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பில்லிங் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறேன். வேலை ஆர்டரை அம்மா பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஒட்டியதே அதற்குத்தான்.

செவ்வாய்

புழுக்கம். மின்விசிறி போட்டால் பதிவில் சத்தம் விழுகிறது. போடாவிட்டால் நான் விழுந்துவிடுவேன்.

கும்பிடும் பொம்மைக்குக் குரல் வேண்டும். கூப்பிட்டு உபசரிக்கிற குரல், ஆனால் விடாத குரல். ஊரெல்லாம் யோசித்துக் கடைசியில் சமையலறையில் கண்டுபிடித்தேன்.

"பேய்க்கு நான் பேசணுமா? நல்லாதான் கீது" என்றாள் அம்மா. ஆனால் பூண்டு உரித்துக்கொண்டே மைக்கைப் பார்த்துச் சொன்னாள்: "வாங்க வாங்க. சாப்ட்டுதான் போவணும்." ஒரே தடவை. பிசிறு இல்லை. ஹெட்போனை வாங்கித் தன் குரலைத் தானே நான்கு முறை கேட்டாள். பிறகு சித்திக்குப் போன் போட்டு, "ரெஹானா என்னை ரெக்கார்டு பண்ணிகினு போறா" என்று ஒரு மணி நேரம். வேலைக்குப் போ என்பதும் அவள்தான், இதற்குப் பெருமைப்படுவதும் அவள்தான்.

மத்தியானம் பந்திக் காட்சி. காவல்காரன் சாப்பிட உட்காருகிறான். இரண்டு பக்கமும் பொம்மைகள் வரிசையாக. சாப்பிட்டு, இலையை மடித்து, ஒன்றாக எழுந்து, ஒன்றாக அவன் பக்கம் திரும்புகின்றன. இலை மடிக்கும் அசைவுக்கே பாதி நாள் போய்விட்டது. எங்கள் வீட்டு விருந்தில் பிரியாணியும் தட்டும்தான், இலை மடித்து எனக்குப் பழக்கம் இல்லை. செய்தித்தாளை இலை மாதிரி விரித்துப் போட்டு மடித்து மடித்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தால் பொம்மையின் கை நீளம் அழகாகத் தெரிந்தது. அப்படியே வைத்துவிட்டேன். தினேஷுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது.

புதன்

வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்ய மாட்டேன் என்கிறது. நானும் அதே மனநிலை.

முத்தாபுதுப்பேட்டையில் தினேஷின் கல்லூரிக் கூட்டாளிகளுக்கு விளையாடக் கொடுத்தோம். இருட்டு மண்டபம், கர்ர்ர், டக், பொம்மை திரும்புகிறது, அம்மாவின் குரல். ஓடுவார்கள் என்று பார்த்தால் ஒருத்தன் நின்று கைகூப்பி வணக்கம் சொல்கிறான். இன்னொருத்தன், "மச்சான், இது எங்க அத்த மாரியே கீதுடா, சாப்டாம வுடாது" என்று உருண்டு உருண்டு சிரிக்கிறான். யானை பன்னீர் தெளித்தபோது கைத்தட்டல். கல்யாண வீட்டில் உபசரித்தால் யார் ஓடுவார்கள்? நம் ஆட்களை வாசலில் வரவேற்றுவிட்டால் பேயாக இருந்தாலும் உறவுதான் போல. யானையோடு விளையாடியே நேரம் போனது, பந்திவரை யாரும் போகவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து சேர்த்தவை:
சிவப்புக் கண். (சளி பிடித்த பொம்மை மாதிரி இருக்கிறது.)
பன்னீருக்குப் பதில் ரத்தம். (தினேஷ்: "ரோஸ் மில்க்குனு நெனப்பாங்க.")
அம்மாவின் குரலைக் கட்டையாக்கியது. (இப்போது அத்தா மாதிரி இருக்கிறாள்.)

எல்லாவற்றையும் அழித்தேன். பேருந்தில் வரும்போது அழுகை வந்தது, தூசி என்று துடைத்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது. என் கேமைப் பார்த்து அல்ல, பிரிட்ஜ் கதவைப் பார்த்து.

வியாழன்

ஒருவழியாக மழை. கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் முழங்கால் தண்ணீர். தினேஷ் வீட்டுக்கு நனைந்துகொண்டே போனேன். அவன் அம்மா துண்டு கொடுத்து, டீ கொடுத்து, "இன்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும், நானும் பாக்கறேன்" என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தினேஷ் பக்கத்திலிருந்து சொன்னான்.

ஆன்ட்டியும் சிரிப்புதான். பொம்மை "சாப்ட்டுதான் போவணும்" என்றதும், "ஆவட்டும்மா, நீ சாப்ட்டியா?" என்று பதில் சொன்னார். நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். "இலைல உப்பு வெக்கல பாரு" என்று எனக்குக் குட்டு வேறு. குறித்துக்கொண்டேன்.

பொம்மைகள் சாப்பிட்டு முடித்தன. வரிசையாக இலையை மடித்தன.

ஆன்ட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

"யாரும்மா செத்தது?"

"யாரும் சாவல ஆன்ட்டி. கல்யாண மண்டபம்."

"கல்யாணம்னா ஏன் எல்லாரும் இலைய அந்தாண்ட தள்ளி மடிக்கிறாங்க? சாவு ஊட்டு சாப்பாட்டுலதான் அப்டி மடிப்பாங்க. இந்த மாரி இன்னொரு வாட்டி வர வேணாம்னு. கல்யாணத்துல நம்ம பக்கம்தான் மடிக்கணும், ஒறவு நெலைக்கணும்னு." திரையை இன்னொரு முறை பார்த்தார். "மூட்ரா அத."

தினேஷ் மூடினான். ஆன்ட்டி எழுந்துபோய்ப் பட்டப்பகலில் விளக்கேற்றினார்.

எனக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. "உனக்கும் தெரியாதாடா?" என்று கேட்டேன். "நான் எங்க மடிச்சேன்? சாப்ட்டு அப்டியே எழுந்துடுவேன், அம்மா எடுத்துடும்" என்றான். அப்புறம்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. யானைக்கும் பொம்மைக்கும் சிரித்தவர்கள் எத்தனை பேர். ஓர் இலைக்கு விளக்கேற்றியிருக்கிறார் இவர்.

டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன். அமிர்தம்.

வெள்ளி

வெயில் திரும்ப வந்துவிட்டது. துணி எல்லாம் காய்ந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து வந்த அத்தாவிடம் இலைக் கதையைச் சொன்னேன். பெரிதாக வியப்பார் என்று நினைத்தேன்.

"அது தெரியாதா உனக்கு? கல்யாணத்துக்கும் என் பந்தல்தான், சாவுக்கும் என் பந்தல்தான். நாற்காலி கூட அதேதான், மேல போடற துணி மட்டும் வேற."

"அப்ப ஏன் அத்தா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? யானைய மட்டும்தான் கேட்ட."

நாற்காலி விஷயத்தை உடனே கேமில் சேர்த்தேன். பொழுது போகப் போக, யாரும் கவனிக்காமல், ஒவ்வொரு நாற்காலியாகப் பட்டுத்துணி போய் வெள்ளைத்துணி வரும்.

தினேஷுக்குப் புதுக் கவலை. "மேடம் பேர வெச்சி எந்த ஊருன்னே தெரியல. அவங்களுக்கு இலைன்னா இன்னான்னே தெரியலன்னா?" நியாயம்தான். எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்? போனிலேயே கொஞ்சம் சண்டை. பக்கத்தில் எழுத்தில் விளக்கம் போடலாம் என்றான். பேய்க்கு யாராவது அடிக்குறிப்பு போடுவார்களா என்று கேட்டேன்.

கடைசியில் பிடிபட்டது. கேமைப் பகலில் தொடங்க வேண்டும். நிஜக் கல்யாணம், கூட்டம், வெளிச்சம். பக்கத்து இலைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "உங்க பக்கமா மடிங்க, ஒறவு நெலைக்கும். அந்தாண்ட மடிச்சா சாவு ஊடு." விளையாடுபவரே தன் கையால் ஒரு முறை சரியாக மடித்துப் பழகட்டும். அப்புறம் ராத்திரி வரட்டும். அதே பந்தி, அதே பக்கத்து இலை.

பக்கத்து இலைக்காரர் குரல் அத்தா. கூச்சப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாடகை பேசுகிற குரலில் சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

சனி

விடியும் முன்பே எழுந்து க.ப.வை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

மேடம் கொரட்டூருக்கு வந்தார். குட்டை முடி, ஓட்டப்பந்தய ஷூ. தமிழ் பேசினார், ஆனால் பாதிக்குமேல் பெங்களூர். தினேஷ் வீட்டு ஹாலில் லேப்டாப், ஹெட்போன். நாங்கள் இருவரும் பின்னால், சுவரோடு சுவராக.

முதல் வரவேற்பிலேயே சிரித்தார். யானைக்குச் சிரித்தார். அம்மாவின் குரலுக்கு, "அய்யோ, எங்க பெரியம்மா" என்று சிரித்தார். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் கண்முன் வந்து நின்றது. பகல் பந்தியில் அத்தா சொன்னபடி இலையை மடித்தார். "நைஸ்" என்றார். அவ்வளவுதான்.

ராத்திரி மண்டபம். வெள்ளை நாற்காலிகளை அவர் கவனிக்கவே இல்லை. பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் இருந்த பொம்மை முதலில் மடித்தது. அந்தாண்ட. அடுத்தது. அடுத்தது. வரிசை முழுக்க.

மேடத்தின் தோள் இறுகியது தெரிந்தது. திரையில் அவருடைய இலை மட்டும் விரிந்து கிடக்கிறது. மடிக்க ஒரு பொத்தான். அவர் அழுத்தவில்லை. விரல் அதன் மேலேயே நிற்கிறது.

"மடிங்க மேடம்" என்றான் தினேஷ் மெதுவாக.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, "இருங்க" என்றார். "ப்ளீஸ்."

சரியாக அந்த நேரத்தில் ஆன்ட்டி சமையலறையிலிருந்து காபியோடு வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்: "வந்தது வந்துட்டீங்க, சாப்ட்டுதான் போவணும்."

மேடம் அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஹெட்போன் ஒரு பக்கம், காபி ஒரு பக்கம். ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை, "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று பாவமாகக் கேட்டார். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

சாப்பிட்டுத்தான் போனார். ஆன்ட்டி இலை போட்டிருந்தார். சாப்பிட்டு முடித்து மேடம் அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, மிகப் பத்திரமாகத் தன் பக்கம் மடித்தார்.

"ஆபீஸ்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று கார் ஏறினார். நாளைக்கு என்றால் எப்போது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஞாயிறு

குமணன்சாவடிக் கல்யாணம். குடும்பத்தோடு அழைப்பு. வாசலில் நம் யானை, ரிப்பேர் எதுவும் இல்லாமல் ஜம்மென்று. பக்கத்தில் பொம்மை குனிந்து கும்பிட்டது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். இவளை வைத்துத்தானே என் பிழைப்பு.

பந்தி. ஒரு பக்கம் அம்மா. எதிர் வரிசையில் அத்தா, நாற்காலிகளை எண்ணிக்கொண்டே சாப்பிடுகிறார். சாம்பார் முடிந்து பாயசம் வந்தபோது போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன்.

எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிபந்தனை: உபசரிக்கிற குரலை மாற்றக் கூடாது.

இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சத்தம் போடக் கூடாது என்று சந்தோஷத்தை அப்படியே அப்பளத்தோடு நொறுக்கினேன்.

"அப்ப அம்பத்தூரு?" என்றாள்.

"வேணாம்மா."

அவள் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் ஒப்புக்கொண்டது பெரிதில்லை, இவள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் கொரல எவ்ளோ பேரு கேப்பாங்க?"

"நெறைய பேருமா. பயந்து நடுங்குவாங்க."

"நடுங்கட்டும்." பாயசத்தை வழித்துக் குடித்தாள். "அந்த ஆர்டர பிரிட்ஜ்லேந்து நானே எடுத்துடறேன். காந்தம் மட்டும் இருக்கட்டும், கரன்ட் பில்லுக்கு ஆவும்." கையை உதறினாள். இலையின் மேல் நுனியைப் பிடித்தவள் நிறுத்தி, என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டாள்.

"எந்தப் பக்கம்டி?"

"நம்ம பக்கம்மா."

மடித்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் இலையை மடிக்க மறந்துவிட்டேன். பரிமாறுகிறவர் வந்து இன்னொரு கரண்டி சாதம் போட்டுவிட்டுப் போனார்.