லூப்பேயின் கோப்புறை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆக்லாந்து பள்ளிப் போட்டிக்கு நாங்கள் செய்த அலை எச்சரிக்கைக் கணினி நிரலில் ஆளுக்கொரு கோப்புறை. 'மேக்' என்ற கருவி ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தரும். அதற்குக் கட்டளை எழுதுவது என் பொறுப்பு. ஒன்றில் பிழை வந்தாலும் வேலை நின்றுவிடும். எரிச்சலில், பிழையைக் கண்டுகொள்ளாதே என்று கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டேன். எங்கள் குழுவில் வரைபடப் பகுதியைச் செய்த லூப்பேயின் கோப்புறையில் பிழை இருந்தது; கோடு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வேலை நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருப்பாள். போட்டி மேடையில் அவளுடைய வரைபடம் மட்டும் வரவில்லை.

"உன் மண்டையில தேங்காத் தண்ணிதாண்டி!" என்று எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"கோடு போட்டத விடு. அப்புறம் ஏண்டி சிரிச்ச?" என்றாள்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் மரவள்ளி வறுவல் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள். ஒன்று அவளுக்கு, வாங்கிக்கொண்டால்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மகள்,
லோசலினி