மஞ்சள் பனியனும் பின்னால் வரும் லாரியும்

14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுந்திருக்க என் வீட்டுக்காரி மங்களம் வந்து கைகொடுத்தால்தான் உண்டு.

நேற்று ராத்திரி கோப்பிக் கடை டிவியில் ஒலிம்பிக் மாரத்தான் காட்டினார்கள். ஜெயித்தவர் போர்த்துகல்காரர், வயது முப்பத்தேழாம். இளவட்டங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். எனக்கு நாற்பத்து நாலு. ஏழு வயது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துவிட்டேன். இன்று விடியற்காலை எங்கள் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில் வரை ஓடிப் பார்த்தேன். தைப்பூசத்துக்குக் காவடி போகிற பாதை. கண்ணை மூடிக்கொண்டு போவேன். பாதி ஓட்டம், பாதி நடை. அவருக்கும் எனக்கும் வித்தியாசம் ஏழு வயதில்லை, ஏழு ஜென்மம்.

17 ஆகஸ்ட்

பேர் கொடுத்துவிட்டேன். நவம்பர் பதினெட்டு, ஈப்போ திடலில் ஆரம்பித்துத் திடலிலேயே முடிகிற பத்துக் கிலோமீட்டர் ஓட்டம்.

ஒர்க்‌ஷாப்பில் சொன்னதுதான் தப்பு. என்னோடு பஸ் ரிப்பேர் பார்க்கும் ஸ்டானிஸ்லாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பின்தங்குகிறவர்களை அள்ளிக்கொண்டு வர ஒரு லாரி வருமாம். எங்கள் கம்பெனி லாரிதான், ஓட்டப் போவதும் அவன்தான். “மச்சான், முன் சீட்டு உனக்குத்தான். இப்பவே துண்டு போட்டு வச்சிர்றேன்.”

லாரி தாண்டிப் போய்விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். தவழ்ந்தாவது வருவேனே தவிர அவன் லாரியில் ஏறமாட்டேன்.

30 ஆகஸ்ட்

ஓடவில்லை.

2 செப்டம்பர்

இன்றும் இல்லை. போர்த்துகல்காரர் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். முதல் வாரம் அதைப் பார்த்தாலே உடம்பு முறுக்கேறியது. இப்போது பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அந்த மனுஷனுக்கு என்ன, நாளெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு ஓடச் சொல்லு, பார்ப்போம்.

9 செப்டம்பர், ஞாயிறு

இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மனசு கேட்காமல் மறுபடி கிளம்பினேன். கான்வாஸ் சப்பாத்து கடித்ததால் வெறுங்கால். முகத்தில் ஒரு வாரத் தாடி. மேலே கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன். ரோட்டோரம் பூக்கட்டி விற்கும் வீரம்மாள் அக்கா ஓடிவந்து, ஒரு வாளி மஞ்சள் தண்ணியை என் காலில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டார்! அலாமாக்!

“அக்கா, இது வேண்டுதல் இல்லக்கா. சும்மா ஓடுறேன்.”

“வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்லா தம்பி. நீங்க போங்க.”

ஈரக் காலோடு ஓட்டத்தைத் தொடர்ந்தேன்.

12 செப்டம்பர்

சவரம் பண்ணினேன். வெள்ளைச் சட்டை போட்டேன். அப்படியும் வாளி வந்தது. பக்கத்து வீட்டு இருளாயியும் இன்று சேர்ந்துகொண்டார்.

20 செப்டம்பர்

பூக்கடைப் பக்கமே போவதில்லை. ரயில் பாதையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ஓடுகிறேன். தூரம் இரண்டு மடங்கு. நாக்கு வெளியே தள்ளுகிறது.

7 அக்டோபர்

சுற்று வழி முழுவதும் நிற்காமல் வந்துவிட்டேன்! ஒலிம்பிக் வீரரைப் பார்த்து வராத ஓட்டம் வீரம்மாளுக்குப் பயந்து வந்திருக்கிறது.

காய் வாங்கப் போன மங்களத்தை அக்கா பாசாரில் பிடித்துக்கொண்டாராம். “தம்பி ஏன் வரல? விரதம் முறிஞ்சிருச்சா?” மங்களம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அடுப்பில் சோறு தீய்ந்தது.

17 நவம்பர்

நாளைக்குப் போகிற லாரியை என்னிடமே சர்வீஸுக்கு விட்டார்கள். எண்ணெய், பில்டர் எல்லாம் புதுசு. என்னைத் துரத்தப் போகிற வண்டிக்கு நானே எண்ணெய் ஊற்றினேன். வேலையில் குறை வைக்க முடியுமா?

பயமாயிருக்கு. எதுக்குடா அர்ச்சுனா உனக்கு இந்த வேலை?

18 நவம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பறந்துவிட்டார்கள். புந்தோங் வருவதற்குள் ரோட்டில் நான் மட்டும்தான், எனக்குப் பின்னால் லாரி. அதில் ஏற்கெனவே ஏறியிருந்த இரண்டு பேர் எனக்குக் கை வேறு காட்டினார்கள். தார் சூடேறி, சப்பாத்து போடாத உள்ளங்கால் எரிந்தது. முக்குத் திரும்பினால் வீரம்மாள் அக்கா, இருளாயி, இன்னும் நாலைந்து பெண்கள், கையில் வாளிகள். நின்றால் லாரி பிடித்துவிடும்.

“அக்கா, விடுங்க! வேண்டுதல் இல்ல, பந்தயம்! லாரி வருது!”

“பந்தயம்னு தெரியும்லா. நெஞ்சுல நம்பர் குத்தியிருக்கு, எனக்குக் கண்ணு இல்லியா? சாமிக்கு நடந்தாத்தான் கால் சுடுமா? நில்லுங்க தம்பி.”

நின்றேன். ஊற்றினார்கள். எரிச்சலெல்லாம் ஒரு நொடியில் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிட்டது. உள்ளே அதிகாரி ஒருவர். ஸ்டானிஸ்லாஸ் தலையை நீட்டினான். “என்ன மச்சான், ஏறுறியா?”

“போடா!” என்று கத்திவிட்டு ஓடினேன். பின்னாலேயே இன்ஜின் அணைகிற சத்தம். அதிகாரி திட்டுவதும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திடலுக்குள் நுழைந்தபோது பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி ஆள் நான்தான். ஆனால் ஓடி வந்த கடைசி.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் வந்தான். “பழைய வண்டிலா மச்சான், பட்டுனு நின்னுருச்சு. என்ன செய்றது?”

அது தானாக நிற்காது. நேற்று சர்வீஸ் பண்ணியவன் நான். கோபம் வரணும்னு பார்த்தேன், வரவில்லை. கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

21 நவம்பர், புதன்

விடியற்காலை கதவைத் திறக்கும்போது மங்களம் எழுந்துவிட்டாள். “பந்தயம்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்குங்க ஓடுறீங்க?”

“வந்து சொல்றேன்” என்றேன்.

வந்தபோது தேத்தண்ணி ஆற்றி வைத்திருந்தாள். பூக்கடை வழியாகவே ஓடி வந்த என் காலில் மஞ்சள் ஈரத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள்.