மேற்கே பார்த்த சறுக்குமரம்

ஆத்தூர்,
12-5-1974, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகம்.

பண்ணையைப் பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக நான் வரைந்து கொடுத்த விளையாட்டிடத்தை இன்று மதியம் திறந்தோம். ஆராதனை முடித்து வந்த சபை ஐயர் நீண்ட ஜெபம் செய்தார். அதுவரை சறுக்குமரத்தின் தகடு வெயிலில் காய்ந்தது. ஆமென் சொன்னதும் முதலில் சறுக்கிய சிறுமி சீனித்தாய்க்குத் தொடை கன்றிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, மருந்து போட்டாயிற்று.

பண்ணைக்காரர் செல்வதுரை அண்ணாச்சி தச்சரைப் பிடித்துக்கொண்டார். "ஏலே தாணுலிங்கம், மேக்க பாத்து வச்சா சுடாதா? நாளைலேருந்து வராத!"

பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று சாலைப் பக்கம், மேற்கே, திருப்பி வைக்கச் சொன்னது நான். தாணுலிங்கம் என்னை ஒருமுறை பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், ஊஞ்சல் பலகை துடைக்க. முடிந்தால் ரேடியோவும். சாயங்காலம் இங்கே பேச்சுச் சத்தமே இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

தேவகனி

திங்கள்: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் எல்லோர் முன்னிலும் அண்ணாச்சியிடம் தவறு என்னுடையது என்றேன். அவர் சிரித்தார். "அதுக்கென்னம்மா, அவன வரச் சொல்லுதேன்."

தாணுலிங்கம் உளியையும் ரம்பத்தையும் எடுக்க வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுக வேலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.