என்னிடமே கேட்க வேண்டிய அனுமதி

ஆல்டர்மியர், லிங்கன்ஷயர்
அக்டோபர் 14

அன்புள்ள தங்கை ரோஸலிண்டுக்கு,

கடல் கடந்து ஹோபர்ட்டில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு தொடங்குகிறேன். நலமா என்று கேட்கும் உரிமையைப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் நானே இழந்தேன். ஆகவே விரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள் சமையலறையில் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு நமக்குள் கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ்தோறும் பெயரை மட்டும் எழுதி நீ அனுப்பும் வாழ்த்து அட்டைகள் என் மேசை இழுப்பறையில் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்கவே இப்போது எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். எதையும் வரிசை தவறாமல் சொல்வது என் குணம், பொறுத்துக்கொள்.

ஆறு ஆண்டுகளாக நான் இவ்வூர் கவுண்டி நீதிமன்றத்தில் நீதிபதி. பெரிதாக எண்ணிவிடாதே. படிக்கட்டின் கீழ்ப்படி என்னுடையது. வேலித் தகராறு, வாடகை வீடு, உடைந்த கூரை ஆகியவை என்னிடம் வரும். பொய்முடியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒரு மேசை, தண்ணீர்க் குவளை, குறிப்பேடு.

சென்ற பிப்ரவரியில் பெரில் ஸ்டாக்டேல் என்ற அம்மையார் வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிட வந்தார். வீட்டின் முன்வாசலில் பன்னிரண்டு செங்குத்துப் படிகள். கணவர் லெனர்டு சக்கர நாற்காலியில் இருப்பவர். அவரைத் தெருவுக்குக் கொண்டுவரச் சமதளமான வழி ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டு ஹார்கிரேவின் கொல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அவ்வழியே போனார்கள். கிழவர் ஹார்கிரேவ் சன்னலில் நின்று பார்ப்பார். சரி என்றதும் இல்லை, கூடாது என்றதும் இல்லை. அவர் இறந்ததும் மகன் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அன்று முதல் லெனர்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஒருவர் நிலத்தில் இருபது ஆண்டுகள் ஒளிவின்றி, வம்பின்றி, அனுமதி வாங்காமல் நடந்துவந்தால் அந்த வழி உரிமையாகிவிடும் என்பது நம் சட்டம். அனுமதியோடு நடந்திருந்தால் உரிமை பிறக்காது. கிழவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஆகவே அவர் அனுமதித்தார். அந்த அனுமதி அவரோடு முடிந்தது என்று பதினான்கு பக்கத்தில் தீர்ப்பெழுதினேன். ஒவ்வொரு பத்திக்கும் எண் இட்டிருந்தேன். அம்மையார் தோற்றார்.

நம் நீதிமன்றங்களின் ஒரு வழக்கம் அவருக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்வது என் கடமை. மேல்முறையீடு செய்ய விரும்பினால் அனுமதி கேட்க வேண்டும் என்றேன்.

"யார்கிட்டங்க கேக்கணும்?"

"முதலில் என்னிடம், அம்மா."

"நான் சொன்னது தப்புன்னு இப்பத்தானே தீர்ப்பு சொன்னீங்க? இப்ப உங்க தீர்ப்பு தப்புன்னு சொல்ல உங்ககிட்டயே வந்து நிக்கணுமா? பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதையால்ல இருக்கு!"

நீதிமன்ற ஊழியர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரிங்க ஐயா, கேக்குறேன். நீங்க சொன்னது தப்பா இருக்கலாமா?"

அந்தக் கேள்வியைச் சட்டமே அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. மேல்முறையீடு வெற்றிபெற மெய்யான வாய்ப்பு உண்டா என்பதே அளவுகோல். இல்லை என்று முடிவு செய்தேன், மறுத்தேன். ஆனால் மறுப்பதோடு என் வேலை முடியாது. ஏன் மறுத்தேன் என்பதையும், இருபத்தொரு நாளுக்குள் மேலே யாரிடம் அதே அனுமதியைக் கேட்கலாம் என்பதையும் என் கையாலேயே எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தேன். என்னை வீழ்த்தும் வழிக்கு நானே கைகாட்டி நட்டேன், ரோஸ். இந்த ஏற்பாட்டைச் சிந்தித்தவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள்.

பத்தொன்பதாம் நாள் அம்மையாரின் மனு மேலே போனது. என் தீர்ப்பின் மேல்முறையீடு லண்டனுக்குப் போவதில்லை. அதே கட்டடத்தின் மேல்மாடியில் அமரும், எனக்கு ஒரு படி மேலான சர்க்யூட் நீதிபதி ஹானர் வெதர்லிக்குப் போகும். அவரும் நானும் ஒரே அறையில் மதிய உணவு உண்பவர்கள். அந்த நான்கு மாதமும் அவர் வெள்ளரி சாண்ட்விச்சைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே மேசையில் உப்பை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே ஒருவர் மற்றவர் எழுதியதைத் திருத்த முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மேலே வழக்கு மீண்டும் நடப்பதில்லை. புதிய சாட்சி இல்லை. நான் கேட்டவற்றையே வெதர்லி படித்தார். நான் தவறினேனா என்பது ஒன்றே கேள்வி. அனுமதி தந்தார்; ஜூனில் விசாரித்தார்; என் தீர்ப்பை மாற்றி இப்படி எழுதினார்: "கற்றறிந்த நீதிபதி மிகுந்த கவனத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் ஒருவர் தடுக்காமல் இருந்ததை, அவர் ஒப்புக்கொண்டதாகப் படித்துவிட்டார். பேசாதிருந்தவரின் வாயில் தாமே சொற்களை வைத்துவிட்டார்."

மகன் ஹார்கிரேவ் நடைக்கூடத்தில், "விடமாட்டேன், லண்டன் வரைக்கும் போவேன்!" என்று சத்தம் போட்டார். அவருடைய வழக்கறிஞர், "போகலாம் சார். ஆனா ரெண்டாவது மேல்முறையீட்டுக்குக் கதவு ரொம்பச் சின்னது. உங்க கொல்லையைவிடப் பெரிய விஷயம் இருந்தாத்தான் தெறக்கும்" என்றாராம். பூட்டு மறுநாளே அகற்றப்பட்டது.

என் தீர்ப்பு தோற்ற அன்று எனக்குத் தூக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வந்தது. நான் கடைசிச் சொல் இல்லை என்பதில் இவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று முன்பு அறியேன்.

சென்ற சனிக்கிழமை சந்தையில் அவர்களைக் கண்டேன். அம்மையார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை.

"என்னங்க ஐயா, கோவமா?"

"இல்லை அம்மா. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் தவறு."

லெனர்டு மடியில் இருந்த பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க ஜட்ஜ். அந்தக் கெழவன் ஹார்கிரேவ் ஏன் பேசலன்னு எனக்குத் தெரியும். அவனுக்குக் கூச்சம். நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே!"

லெனர்டு சாட்சிப் பட்டியலில் இல்லை. ஆகவே நான் கேட்கவில்லை. விதிப்படி அது சரி. ஆயினும் அந்த ஆப்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, சமையலறையில் நீ நின்ற இடம் என் கண்ணில் பட்டது.

அன்று நீ அடக்கத்துக்கு ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தாய். "உனக்கு வர மனசில்ல, அதான் வரல. இதுல பேச ஒண்ணுமில்ல" என்றேன். நீ மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றாய். ஒன்றும் சொல்லாமல் போனாய். அதைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மறுதரப்பைக் கேட்கவில்லை. மேலே போகும் வழியையும் எழுதித் தரவில்லை. நம் குடும்பத்தில் எனக்கு மேலே மாடியே இல்லை.

இருபத்தொரு நாள் கெடு முடிந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். காரணம் நான் என்று இங்கே பதிவு செய்கிறேன். அனுமதியை என்னிடமே கேட்க வேண்டும் என்ற வழக்கத்தையும் இம்முறை விட்டுவிடுவோம். நீ கேட்காமலே தந்தேன்.

அன்று நீ சொல்லாமல் போனது என்ன என்று எனக்குத் தெரியாது. எழுது. நீண்டதாக, கோபமாக, எப்படி வேண்டுமானாலும் எழுது. எழுத மனமில்லை என்றால் வா. மேலங்கியை வாங்கி மாட்டி வைக்கிறேன், உட்கார்ந்து சொல். முடியும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

நீ நெடுநாள் நலமாக வாழ வேண்டும்.

தவறியிருக்கக்கூடிய உன் அண்ணன்,
ஜைல்ஸ்