நீங்கள் வண்ணம் வைக்காத இடம்

அன்புள்ள மச்சானுக்கு, அல்லாஹ் உங்கள் கபுர்க் குழியை விசாலமாக்கி வைக்கட்டும்.

உங்கள் படங்களை அண்ணாமலை நகரில் ஒரு ஹாலில் மாட்டப் போகிறார்கள். ஏற்பாடு செய்யும் சார், கூடவே வைக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார். பொட்டலக் காகிதம் பார்த்துத் தமிழ் படித்தவள் நான். ஊருக்கு எழுத வரவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன், ஊர் படித்துக்கொள்ளட்டும்.

மகள் பி.யூ.சி. சேர்ந்துவிட்டாள். சிதம்பரம் கடையை உங்கள் தம்பி பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நாம் போய் உட்காரும் பரங்கிப்பேட்டைக் கரையை அலை கொஞ்சம் அரித்துவிட்டது.

நிக்காஹ் முடிந்த வாரமே கேட்டுக்கொண்டேன், மார்க்கத்தில் ஆகாது, உயிருள்ள எதையும் வரையக் கூடாதென்று. சரி என்றீர்கள். அப்புறம் உங்கள் தோணிகளில் ஆளே கிடையாது. "என்னா மாப்ள, ஒன் கடல்ல பேயா மீன் புடிக்குது?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். உள்ளே வருத்தம் இருந்ததா? நான் கேட்டதில்லை.

சார் பத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் தனியே வைத்தார். மணல், கடல், நடுவில் விரல் நீளத்துக்கு வெறும் காகித வெள்ளை.

"இது முடியலம்மா. லேசா மணல் கலர் இழுத்தா சரியாயிடும். நானே செஞ்சிடறேன்."

"குடும்மா, சாரு நல்லா செய்வாரு" என்றாள் மகள்.

கொடுக்கத்தான் இருந்தேன். படத்தின் பின்னால் நான் பென்சிலில் போட்ட எண் தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இடம், நேரம், கொண்டுபோன தண்ணீர் என்று நோட்டில் குறித்து வைத்தவள் ஆயிற்றே. அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'அஸர் தொழுகை நேரம். கெண்டித் தண்ணீர் ப்ரஷ்ஷுக்குப் போயிற்று. ஒளு கடலில்.'

அன்றைக்கு உங்களிடம் கத்தினேன். "தொழுவ ஒளு செய்ய வச்ச தண்ணியில ப்ரஷ்ஷ வுட்டுட்டீங்களே மச்சான்!"

"கடலு பூரா தண்ணி இருக்கு, போயி செய்யி. உப்புத்தண்ணி ஒனக்கு ஆவும், எம் படத்துக்குத்தான் ஆவாது."

அலையோரம் கை கால் கழுவி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மணலில் நின்று தொழுதேன். திரும்பி வருவதற்குள் படம் பைக்குள் போய்விட்டது.

"என்னைய வரஞ்சீங்களா?"

"அல்லா மேல ஆணையா ஒரு கோடு போடல."

நோட்டை மூடிவிட்டு மறுபடி அந்த வெள்ளையைப் பார்த்தேன். முகமில்லை, கையில்லை, கோடுமில்லை. சுற்றிலும் மணலுக்கு வண்ணம் வைத்திருக்கிறீர்கள். நான் நின்ற இடத்துக்கு மட்டும் ப்ரஷ் வரவில்லை. நீங்கள் வாக்குத் தவறவில்லை.

"இது முடிஞ்ச படம் சார்" என்றேன். அவர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பதினொன்றாவதாக எடுத்துக்கொண்டார்.

ஹாலிலிருந்து அது பத்திரமாக வீடு திரும்பும், மச்சான். நான் உள்ளவரை அந்த இடத்தில் எவர் ப்ரஷ்ஷும் படாது. எனக்குப் பிறகும் படக் கூடாதென்று மகளிடம் சொல்லிவிட்டேன், காரணத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் மாமி மகள், மனைவி
ஜைனபு