முப்பதடி ரதம்

செடெனாக், ஜொகூர், மலேசியா,
புதன்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

உன்னைத் தூக்கி வளர்த்த மூர்த்தி சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் அந்த மெல்பர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாயிருப்பாய். இனி நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார், நீயும் நம்பாதே, ஆனால் கடைசி வரை படி.

நம் தோட்டத்து லய வீடுகளை இடித்துவிட்டுக் கட்டப்போகிற அடுக்குமாடிக்கு வரைபடம் வந்துவிட்டது. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு ரெண்டு புளோக், வாடகைக்கு ஒரு புளோக். கூரையில் சோலார், மழைத்தண்ணீருக்குக் கடல்போலத் தொட்டி, ஒரு கோடி மரம், எல்லாம் பச்சை, சொந்தத்துக்கும் வாடகைக்கும் நடுவில் போகிற வேலி மட்டும் இரும்பு. உன் பெயரையும் சேர்த்ததால் பேங்கு கடன் கொடுத்தது, நாங்கள் இந்தப் பக்கம். வெள்ளையம்மா அத்தைக்கு அறுபத்திரண்டு வயதில் யார் கடன் கொடுப்பார், அவள் அந்தப் பக்கம். தினமும் உனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவளை நான் கம்பி வழியாகப் பார்க்கணுமாம்.

போன வாரக் கூட்டத்தில், வரைபடம் போட்ட ஷர்மினி என்கிற பிள்ளை, வேலியில் என்ன பிரச்சினை அங்கிள் என்று கேட்டது. என் நாக்குதான் உனக்குத் தெரியுமே. நம் மாரியம்மன் ரதம் முப்பதடி அகலம், திருவிழாவில் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், மறித்தால் ஜொகூர் முழுக்க ஏழு வருஷம் மழை கிடையாது என்று அடித்துவிட்டேன். அந்தப் பிள்ளை வரைபடத்திலிருந்து வேலியை எடுத்துவிட்டு, மரம் வைத்த அகலமான பொதுச் சாலை போட்டுவிட்டது. லயமே என்னைத் தோளில் தூக்கியது. அப்புறம் மெதுவாகச் சொல்லுது, வெள்ளிக்கிழமை வந்து ரதத்தை அளந்துக்கிறேன் அங்கிள் என்று. அலமாக்! நம் ரதம் எது, பக்கத்து வீட்டுச் செல்வாவின் லோரிதானே, சீரியல் பல்பு கட்டினாலும் ஏழடி. அதற்கு ஒரு கேட் போதும், வேலி திரும்ப வந்துவிடும். உண்மையைச் சொன்னால் தூக்கியவர்களே கீழே போடுவார்கள், சொல்லாவிட்டால் டேப் சொல்லிவிடும். ரெண்டு நாளாக வாசலில் தலைகாட்டவில்லை. லோரியைத் தட்டி அகலமாக்கிவிடுங்களேன் என்று சித்தி குத்துகிறாள். அத்தை தன் வாசலில் ரதத்துக்கு நீட்டுகிற பித்தளைத் தட்டை விளக்கிக்கொண்டிருக்கிறாள், அதுதான் தாங்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிறன்று அத்தைக்குப் போன் போடு, வேலிப் பேச்சு மட்டும் எடுக்காதே. அம்மன் உன்கூடவே இருப்பாள். வெள்ளிக்கிழமை டேப் நீளுமுன் அகலம் பொய் என்று நானே சொல்லிவிடப் போகிறேன். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும் என்றேனே, அது மட்டும் நிஜம், மகளே. ஒருத்தர் வாசலையும் அது தாண்டிப் போனதில்லை.

இப்படிக்கு,
ஏழடிக்குள் மாட்டிக்கொண்ட உன் சித்தப்பா,
மூர்த்தி