மடு மண் போத்தலைத் திறக்காதே

விடத்தல்தீவு

அன்பு மகன் ஜெனோஜனுக்கு, மாதாவின் புண்ணியத்தில் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் விஜிதாவும் சுகமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் அக்காவின் மகள் டினோஜா எழுதுகிறாள், முடிந்ததும் போனில் படம் பிடித்து அனுப்புவாள். கதைத்தால் நீ ஓம் அப்பா ஓம் அப்பா என்றுவிட்டு மறந்துவிடுவாய், எழுத்தென்றால் விஜிதா சுவரில் ஒட்டி வைப்பாள். அக்கா அங்கே வந்து உனக்கு எலும்பு மச்சை தந்த நாளிலிருந்து, இனித் தம்பிக்கும் என் வாய்தான் வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள், கவனம்.

சங்கதி இதுதான். நாளைக்கு மாக்கிறட் மாமி ரொறன்ரோவில் இறங்குவா, இப்போது விமானத்தில் இருக்கிறா, போன் வேலை செய்யாது. அவவிடம் பனங்கிழங்கு ஒடியலும் பாரைக் கருவாடும் ஒரு போத்தல் மடு மாதா கோவில் மண்ணும் கொடுத்தனுப்பினேன். நீ கரைத்துக் குடிக்க, நெஞ்சில் பூச என்று நானே போய் அள்ளிய மண். அவ போன பிறகு டினோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன், பிள்ளை தலையில் கை வைத்துவிட்டாள், தாதிப் படிப்பு படிக்கிறவள் அல்லவா. "தாத்தா, மாமா மண்ணுக்குக் கிட்டவும் போகக்கூடாது, அதில பூஞ்சணம் இருக்கும்" என்றாள். எங்கள் உடம்பு அதைத் தின்றுவிடுமாம், உனக்குப் பிறவியிலேயே கிருமி தின்கிற அணுக்கள் சோம்பேறிகளாம், புது மச்சை வேலை பழகுமுன் அது நெஞ்சுக்குள் குடியேறிவிடுமாம். நான் நம்பவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. உனக்கு ஏழு வயது, மாசி மாதம், கட்டுக்கரையில் இராமலிங்கத்தின் வயலில் மக்கின வைக்கோல் கும்பியில் குதித்தீர்கள். மற்ற ஆறு பிள்ளைகளும் தும்மிவிட்டுச் சோறு தின்றார்கள், நீ நாற்பத்தொரு நாள் இருமினாய், கசநோய் என்று மருந்து தந்தார்கள். அதுவும் இந்தப் பூஞ்சணமாய் இருக்கும் என்கிறாள் டினோஜா.

ஆகவே போத்தலை நீயும் திறக்காதே, விஜிதாவும் திறக்க வேண்டாம். கருவாட்டை மாமி தன் வீட்டிலேயே பொரிக்கட்டும், நீ போனில் பார். மாதா கோபிப்பா என்று அம்மா முகத்தை நீட்டிக்கொண்டிருந்தா, மாதாவும் ஒரு பிள்ளை வளர்த்தவதானே, விளங்கும் என்றேன். ஆனால் குப்பையில் போட வேண்டாம், மூடியபடி மாமியின் அலுமாரியில் இருக்கட்டும். காய்ச்சல் இலேசாகத் தொட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நீ மண்ணைத் தொடலாம் என்று டொக்டர் சொல்கிற அன்றைக்குப் போத்தலோடு ஊருக்கு வா. அள்ளிய இடம் எனக்குத் தெரியும், உன் கையாலேயே திரும்பக் கொட்டுவோம்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாவாக.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
அந்தோனிமுத்து
(பெருவிரல் அடையாளம்)